ஆறு மணிக்குள் ஒரு கையெழுத்து

தாமரைச்செல்வியின் நீலக் கம்பளிக் கோட்டு அவளைவிட அதிக நேரம் லேபில் வேலை பார்த்தது. சும்மா சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கிளம்பிவிடுவாள், கோட்டு கிளம்பாது. நாற்காலி முதுகில் தோளை விரித்துக்கொண்டு தொங்கும். மேஜை விளக்கு எரியும், நோட்டு விரிந்திருக்கும், அதன் குறுக்கே மூடி கழற்றிய பேனா கிடக்கும், பக்கத்தில் அரைக் கப் காப்பி ஆறிக்கொண்டிருக்கும். எட்டிப் பார்க்கிறவர்கள், அம்மணி இங்கேதான் எங்கேயோ போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அம்மணியோ அந்நேரம் 280 ஃப்ரீவேயில் குபெர்டினோவைப் பார்த்துப் பறந்துகொண்டிருப்பாள்.

காரணம் மூன்று வயசு யாமினி. அவள் போகிற டேகேரை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஆறு என்றால் ஆறுதான். மூன்று தடவை தாமதமானால் பிள்ளையின் இடம் போய்விடும். வேறு எங்கே போய்க் கேட்டாலும் ஒரு வருஷத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட். தாமரை ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகியிருந்தாள். புருஷன் மதன் போய்க் கூட்டிக்கொண்டு வரலாமே என்றால், அவன் இருந்தது ஒரு ஸ்டார்ட்அப்பில். 1999-ஆம் வருஷத்து ஸ்டார்ட்அப்! அங்கே எட்டு மணிக்குக் கிளம்பினாலும் "என்னப்பா, இன்னைக்கு ஹாஃப் டேயா?" என்பார்கள்.

லேபில் இருந்த மற்ற ஐந்து பேரும் கல்யாணமாகாதவர்கள். "நேற்று ஒன்பதரை வரை இருந்தேன்", "நான் பத்து மணி" என்று காலையில் பீற்றிக்கொள்கிற கூட்டம். நீயும் இரு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லவே வேண்டியதில்லை, அதுதான் கொடுமை. கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, கோயமுத்தூரில் படித்து, சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு கடல் தாண்டி வந்தவள், பிள்ளையைச் சாக்கு வைத்து வேலையில் டிமிக்கி கொடுக்கிறாள் என்று எவனும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. ரோஷக்காரி. அதற்காகத்தான் அந்தக் கோட்டு.

வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. லுக்கீமியா என்கிற ரத்தப் புற்றுநோயில் ஒரு புதிர் இருந்தது. ஒரே வியாதி, ஒரே மருந்து. ஆனாலும் ஒருவருக்குப் போன வியாதி போனதுதான், இன்னொருவருக்கு வருஷம் திரும்புவதற்குள் வியாதியும் திரும்பிவிடுகிறது. ஏன்? கெட்ட செல்களில் சில, மருந்து வருகிறது என்றதும் எலும்பு மஜ்ஜைக்குள் ஊர்ந்துபோய்ப் பதுங்கிக்கொள்கின்றன. மஜ்ஜையிலிருந்து ஒரு ரசாயன வாசனை கசிகிறது. அதை முகர்ந்து பிடிக்க செல்லின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறது. புத்தகத்தில் அதற்கு ரிசெப்டர் என்று பேர், தாமரை மூக்கு என்றே சொல்வாள். மூக்கு அதிகமுள்ள செல் வேகமாக ஊர்ந்துபோய் ஒளிந்துகொள்ளும்.

அந்த மூக்கை முளைக்கவிடாமல் அடக்கி வைக்கிற ஒரு ஜீனைத்தான் அவள் கண்டுபிடித்திருந்தாள். லேபில் அதற்கு வரிசை எண்தான் பேர்: எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு விழித்திருந்தால் மூக்கு அடங்கிக் கிடக்கும், செல் நகராது, மருந்துக்குச் சாகும். அது தூங்கிப் போய்விட்டால் மூக்குகள் முளைத்துத் தள்ளும், செல் ஓடும், வியாதி திரும்பும். ஆக, ஒரு நோயாளியின் எழுபத்திரண்டு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட்டால், யாருக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சையைச் சீக்கிரமே செய்ய வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். சின்ன விஷயமா இது!

பதினோரு நோயாளிகளின் உறைய வைத்த செல்களை எடுத்து அவள் சோதித்தாள். முறை எளிது. சல்லடை வைத்த ஒரு குட்டிக் கிண்ணம். மேலே செல், கீழே அந்த வாசனை. இரண்டு மணி நேரம் கழித்து, ஓட்டை வழியாக எத்தனை செல் கீழே இறங்கியிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். பதினொன்றிலும் அவள் சொன்னபடியே நடந்தது. அந்த வருஷம் வசந்தத்தில் நல்ல பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. முதல் பேர் அவளுடையது.

அக்டோபரில் வந்தது இடி.

நியூ ஜெர்சியில் லுக்கீமியா ஆராய்ச்சிக்குப் பேர்போன டாக்டர் கஸ்தூரிரங்கன், அவளுடைய மேலதிகாரி கேரல் விட்மனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். கட்டுரையில் சொன்ன முறைப்படி நான்கு முறை செய்து பார்த்தோம், இரண்டு வகை செல்லுக்கும் வித்தியாசமே இல்லை, என்ன சொல்கிறீர்கள் என்று. அதே நாள் மத்தியானம் தாமரைக்கே ஃபோன் பண்ணிவிட்டார்.

"தாமரைச்செல்விதானே பேசறது? நான் கஸ்தூரிரங்கன். லெட்டர் பார்த்திருப்பே."

"பார்த்தேன் சார்."

"பின்னாடி ஒண்ணு முன்னாடி ஒண்ணு பேசறவன் இல்லை நான், அதான் நேரா சொல்றேன். நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலைம்மா. ஆனா நிஜம்னும் என்னால சொல்ல முடியலை. உன் பேப்பரை வெச்சுண்டு நாளைக்கு ஒரு டாக்டர் ஒரு பேஷண்டுக்கு முடிவெடுப்பான். தப்பா இருந்தா வாபஸ் வாங்கிடு. அதுல அவமானம் ஒண்ணும் இல்லை."

"தப்பு இல்லைங்க சார். எண்ணுனது நான். என் கண்ணு பொய் சொல்லாதுங்க."

"கண்ணு பொய் சொல்லாதும்மா. கை எங்கேயோ எதையோ பண்ணியிருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! உன் லேபில் எண்ணத் தெரியாமல் எண்ணிவிட்டு என் கையைச் சொல்கிறாயா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே கேரலின் அறைக்குப் போனாள்.

கேரல் விட்மன் சத்தம் போடாத மனுஷி. அறுபதைத் தொடப் போகிறாள், வார்த்தைகளை அளந்துதான் பேசுவாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கண் முன்னால் செய்து காட்டு, ஒரே மூச்சில், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என்றாள். மருத்துவமனை ஃப்ரீசர் அறையில் எப்போதும் மத்தியானம் இரண்டரைக்குப் பிறகுதான் குழாய் கொடுப்பார்கள். கேரல் ஒரு ஃபோன் போட்டதும் காலையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு யாமினியைக் கூப்பிட்டுக்கொண்டு வருவதாக மதன் ஒத்துக்கொண்டான். தாமரை இரண்டு குழாய்களை எடுத்தாள். ஒன்றில் எழுபத்திரண்டு விழித்திருக்கிற நோயாளியின் செல், இன்னொன்றில் தூங்குகிற செல். உருக்கினாள், கழுவினாள், கிண்ணத்தில் விட்டாள். மிச்சச் செல்களைப் பழக்க தோஷத்தில் இன்குபேட்டருக்குள் வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கேரல் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

விழித்திருக்கிற செல் நாற்பத்தொன்று இறங்கியிருந்தது. தூங்குகிற செல் இருநூறாவது இறங்கியிருக்க வேண்டும். நாற்பத்துநாலு.

அவள் மறுபடி எண்ணினாள். நாற்பத்துநாலுதான். கேரலும் எண்ணிப் பார்த்தாள். எழுந்து, ஸ்டூலை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வாபஸ் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து திருத்துவோம் என்று மெல்லச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு கட்டுரை வாபஸானால் அந்தப் பேர் பிறகு எழாது. எங்கே வேலைக்கு எழுதிப் போட்டாலும், ஓ, அந்தத் தாமரைச்செல்வியா என்பார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பதினோரு பேர். ஒவ்வொருவருடைய செல்லையும் அவள் எண்ணியிருக்கிறாள், அதில் நான்கு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுடைய செல்கள் ஓடியதை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்தது பொய்யென்றால் அவள் பைத்தியமா?

வீட்டில் ரசத்தைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே அழுதாள். மதன் அடுப்பைச் சின்னதாக்கினான்.

"இங்க பாரு கண்ணு. நேத்து ஓடுன ப்ரோக்ராம் இன்னைக்கு க்ராஷ் ஆனா நாங்க உக்காந்து அழுக மாட்டோம். என்ன மாறுச்சுன்னு மட்டும் பார்ப்போம்."

"ஒண்ணுமே மாறலைங்க. அதே செல்லு, அதே கிண்ணம், அதே நான்."

"ஏதோ ஒண்ணு மாறியிருக்குது. ஒண்ணுமே மாறாம எதுவும் கெட்டுப் போகாது."

"உங்களுக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டுப் போயிருவீங்க" என்று அவன்மேல் பாய்ந்தாள். சரி, யார்மேல்தான் பாய்வாள்!

வெள்ளிக்கிழமை காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது நேற்றைய மிச்சச் செல்கள் அங்கேயே இருந்தன. கொட்டிவிடத்தான் எடுத்தாள். கை வரவில்லை. சாகப் போகிறவளுக்கு என்ன பயம் என்று வெறும் வீம்புக்கு அவற்றையே கிண்ணத்தில் விட்டாள். பதினோரு மணிக்கு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

விழித்திருக்கிறவை முப்பத்தெட்டு. தூங்குகிறவை இருநூற்றுப் பன்னிரண்டு.

மூன்று தடவை எண்ணினாள். அதே செல், அதே கிண்ணம், அதே அவள். மாறியது என்ன? ஒரு ராத்திரி! செல்கள் இன்குபேட்டரில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அடிப் பாவி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவள் ஒரே மூச்சில் செய்திருக்கிறாளா? ஃப்ரீசர்காரன் குழாயைக் கொடுக்கவே மூன்று மணி ஆகும். உருக்கிக் கழுவி முடிக்க நாலரை. அதற்குமேல் கிண்ணத்தை வைத்தால் டேகேரைச் சாத்திவிடுவார்கள். அதனால் செல்லை இன்குபேட்டரில் போட்டுவிட்டு, கோட்டைத் தொங்கவிட்டுவிட்டு, ஓடிவிடுவாள். மறுநாள் காலையில்தான் கிண்ணம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அதை அவள் முறை என்று நினைக்கவே இல்லை. திருட்டுத்தனம் என்றுதான் நினைத்தாள்.

விஞ்ஞானமும் உடனே புரிந்தது. உறைய வைத்து உருக்குகிறபோது செல்லின் மேலிருக்கிற மூக்கெல்லாம் உதிர்ந்துவிடும். உதிர்ந்தவுடனே சோதித்தால் எல்லாச் செல்லும் ஒன்றுபோலத்தான் மந்தமாக நிற்கும். மூக்கு மறுபடி முளைக்க ஒரு ராத்திரி வேண்டும். எழுபத்திரண்டு விழித்திருக்கிற செல்லில் முளைக்கவிடாது. தூங்குகிற செல்லில் புசுபுசுவென்று முளைத்துவிடும். ஜீனின் ஆட்டமே அந்த ராத்திரியில்தான் நடக்கிறது. கஸ்தூரிரங்கனின் ஆட்கள் அந்த ராத்திரியைக் கொடுக்கவில்லை, ஏனென்றால் தாமரைச்செல்வி அதை எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? நோட்டைப் புரட்டினாள். உருக்கியது, சோதித்தது, எண்ணியது எல்லாம் ஒரே பக்கம், மேலே ஒரே தேதி. படிக்கிறவர்கள் இவள் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்திருக்கிறாள், என்ன உழைப்பு என்று நினைக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் இப்போது அதே பூசணிக்காயைத் தேடுகிறாள். நன்றாக வேண்டும்!

இனிக் கேரலிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரி, மானத்தை விட்டுச் சொல்லிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். யார் நம்புவார்கள்? நேற்று கண் முன்னால் தோற்றவள், இன்றைக்கு வந்து, அட, ஒன்று மறந்துவிட்டேன், நடுவில் ஒரு ராத்திரி உண்டு என்கிறாள். நோட்டிலோ ஒரே தேதி. கேட்கிறவர்கள் கேனையர்களா?

அன்று சாயங்காலம் வழக்கம்போல டேகேருக்கு ஓடினாள். ஐந்து ஐம்பத்தொன்று. வாசலில் கையெழுத்துத் தாள் இருந்தது. பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் மணியைக் குறித்து, முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். பேனாவை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். திங்கள் 5.48, தாமரைச்செல்வி மதன். செவ்வாய் 5.53, தாமரைச்செல்வி மதன். புதன் 5.50. தன் கையெழுத்தே வரிசையாக ஏணி மாதிரி மேலே ஏறிக்கொண்டு போயிற்று.

"மிஸ் லிண்டா, பழைய தாள்களையெல்லாம் என்ன செய்வீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

டேகேரை நடத்துகிற லிண்டா நரைத்த பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, மூன்று வருஷத்துத் தாள் எல்லாம் பின்னறைப் பெட்டியில் இருக்கிறது, தூக்கிப் போட அனுமதி இல்லை, எதற்குக் கேட்கிறாய் என்றாள்.

"எனக்குப் பதினோரு நாளைக்கு நகல் வேண்டும்" என்றாள் தாமரை. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாமினி அம்மாவின் கையை ஆட்டி, "மம்மி, வொய் ஆர் யூ லாஃபிங்?" என்றாள்.

"உன்னாலதான் சாமி" என்று பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தைக் கடித்தாள்.

திங்கட்கிழமை காலை கேரலின் மேஜைமேல் இரண்டு வரிசையாகத் தாள்களைப் பரப்பினாள். இந்தப் பக்கம் ஃப்ரீசர்காரன் குழாய் கொடுத்த சீட்டு, தேதியும் மணியும் போட்டது. அந்தப் பக்கம் அதே தேதியில் டேகேர் கையெழுத்து. மூன்று பத்துக்குக் குழாய் வாங்கியவள், கிண்ணம் வைத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, எண்ணியும் முடித்திருந்தால் ஏழரை ஆகியிருக்கும். ஆனால் ஐந்து நாற்பத்தொன்பதுக்கு அவள் குபெர்டினோவில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பதினோரு நாளும் அப்படித்தான். ஆகவே சோதனை மறுநாள்தான் நடந்திருக்க முடியும். இதைச் சொல்லிவிட்டு, கோட்டைப் பற்றியும் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

கேரல் பதினோரு ஜோடித் தாளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

அந்தக் கோட்டு ஜூலை மாதத்திலும் தொங்கியதே, தாமரை, ஜூலையில் யார் கம்பளிக் கோட்டுப் போடுவார்கள் என்று கேட்டாள்.

தாமரைக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கேரல் அதோடு விடவில்லை. நீ எத்தனை மணிக்குப் போனாலும் எனக்கு அக்கறை இல்லை, நோட்டில் உண்மையான தேதி போடாததுதான் தப்பு, அது தப்பேதான். பதினோரு பக்கத்தையும் இன்றைய தேதியிட்டுத் திருத்திக் கையெழுத்துப் போடு, பத்திரிகைக்கும் திருத்தம் போகும், வாபஸ் போகாது என்றாள். கடைசி இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் தாமரை அந்த அறையிலேயே, கேரலின் எதிரிலேயே, குழந்தை மாதிரி விம்மினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நியூ ஜெர்சிக்கு ஃபோன் போட்டாள்.

"சார், நீங்க சொன்னது சரிங்க. என் கைதான். செல்லை உருக்கி ஒரு ராத்திரி தூங்க வெச்சிருக்கேன், அதை எழுதலை."

"என்னது? ஒரு ராத்திரியா?"

"ஊர்லருந்து வந்து ஏர்போர்ட்ல எறங்குன உடனே ஓட்டப்பந்தயம் வெச்சா யார் ஓடுவாங்க சார்? எல்லாருக்கும் ஒரே ஜெட்லேக்தான். தூங்கி எந்திரிச்சதுக்கு அப்பறம்தானே எவன் ஓடுறவன், எவன் ஓடாதவன்னு தெரியும்?"

"ரிசெப்டர் திரும்பி வரணும். அடடா, அதானே!" என்றார் கிழவர். "இதை ஏம்மா எழுதலை?"

"டேகேர் ஆறு மணிக்குச் சாத்திருவாங்க சார். அதுக்காகத்தான் அப்படிச் செஞ்சேன். எழுத வெக்கமா இருந்துச்சு."

"ராமா!" என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தி, "எங்க லேப்ல ஃப்ரீசர் கைக்கெட்ற தூரத்துல இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிங்கோ, முடிங்கோன்னு அந்தப் பசங்களை விரட்டறது நான்தான்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "சரி, நம்பறேன்னு இப்பவே சொல்ல மாட்டேன். இருபத்துநாலு பேஷண்டோட செல் இருக்கு என்கிட்டே. குழாயில வெறும் நம்பர்தான். யாருக்கு வியாதி திரும்பித்து, யாருக்குத் திரும்பலைன்னு ஆஸ்பத்திரியில ஒருத்தர்கிட்ட மட்டும் பூட்டி வெச்சிருப்போம். உன் ராத்திரியைக் கொடுத்துப் பண்றோம். நீ சொன்னது நடந்தா, ஊரறியச் சொல்றேன். நடக்கலைன்னா, அதையும் ஊரறியச் சொல்லுவேன்."

"சொல்லுங்க சார்" என்றாள் தாமரை. இப்போது பயம் இல்லை. அவள் கண் பார்த்ததை அவள் அறிவாள்.

பயம் இல்லை என்பதெல்லாம் ஃபோன் வைக்கும் வரைதான். நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மூன்று மாசம் அவள் சோறு தின்ற லட்சணத்தை மதனைத்தான் கேட்க வேண்டும். புது வருஷம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று அவன் ஆபீசே அலறிக்கொண்டிருந்தது. அவளுக்கோ நியூ ஜெர்சியின் இன்குபேட்டர் மட்டும் நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபோன் வந்தது.

"தாமரைச்செல்வி, ஆஸ்பத்திரிக் கவரைப் பிரிச்சுண்டிருக்கேன். நீயும் கேளு. முதல் நம்பர், செல் ஓடித்து. வியாதி... எட்டு மாசத்துல திரும்பியிருக்கு. ரெண்டாவது, ஓடலை. திரும்பலை. மூணாவது, ஓடலை. திரும்பலை. நாலாவது, ஓடித்து. ஆறு மாசம்!"

அவர் படிக்கப் படிக்க அவள் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது ஒத்துவரவில்லை. அவளுக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. பத்து சரி. பதினொன்று சரி. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, எல்லாம் சரி. கிழவரின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. இருபத்தொன்றாவது தவறியது. கடைசி மூன்றும் சரி.

"இருபத்துநாலுல இருபத்திரண்டும்மா! இருபத்திரண்டு!" என்று கத்தினார். "பேஷ்! பேஷ்! முப்பது வருஷமா இந்த வியாதியோட மல்லுக்கட்டறேன், யாருக்குத் திரும்பும்னு ஜோசியக்காரன் மாதிரி முழிச்சுண்டு நின்னிருக்கேன். இன்னிக்குத்தான்..."

லேப் முழுக்கத் தாமரையைப் பார்த்தது. அவள் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே, "கேரல்! இருபத்திரண்டு!" என்று கட்டடம் அதிரக் கூவினாள். ஐந்து பேரும் ஓடிவந்தார்கள். ஒன்பதரை வரை இருக்கிறவன்தான் முதலில் கைதட்டினான்.

அந்த டிசம்பரில் ரத்தநோய் மருத்துவர்களின் மாநாடு சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. மொத்தம் நூற்றுப் பத்து நோயாளிகளின் கணக்கோடு அவள் மேடை ஏறினாள். உள்ளே ஆயிரம் பேர் இருப்பார்கள். திரையில் இரண்டு கோடுகள், மாசம் போகப் போக எத்தனை பேர் வியாதி திரும்பாமல் இருக்கிறார்கள் என்று காட்டுபவை. எழுபத்திரண்டு விழித்திருக்கிறவர்களின் கோடு மேலேயே நீண்டது. தூங்குகிறவர்களின் கோடு சரிந்து கீழே போயிற்று. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்து அரங்கம் மூச்சை இழுத்தது அவளுக்கே கேட்டது. இனிமேல் அந்தக் கீழ்க்கோட்டுக்காரர்களை முதல் நாளே அடையாளம் கண்டு, வியாதி ஒளிந்துகொள்வதற்கு முன்னாலேயே மஜ்ஜை மாற்றலாம். ஏற்கெனவே ஆறு பேருக்கு அப்படிச் செய்தாகிவிட்டது. ஆறு பேரும் நலம்.

பேசி முடிக்கும்போது மணி நாலரை. கேள்வி கேட்கிற மைக்குக்கு முன்னால் முதல் ஆளாகக் கஸ்தூரிரங்கன் நின்றார். நியூ ஜெர்சியில் இதை முதலில் மறுத்தவன் நான்தான் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அரங்கம் அடங்கியது. எனக்கு ஒரே ஒரு கேள்வி, செல்களை ஒரு ராத்திரி தூங்க வைக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டுவிட்டு, குறும்பாகச் சிரித்தார். விடை தெரிந்தே கேட்கிறார், கிழவருக்கு லொள்ளு.

ஒரு வருஷத்துக்கு முந்தைய தாமரையாக இருந்தால் ரிசெப்டர் அது இதுவென்று மழுப்பியிருப்பாள். இந்தத் தாமரை மைக்கைப் பிடித்தாள்.

"என் மகளின் டேகேர் ஆறு மணிக்கு மூடிவிடும்" என்றாள்.

முதலில் ஒரு மூலையில் சிரிப்பு. அப்புறம் அரங்கம் மொத்தமும். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தாள், அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, பிறகு பார்த்தால் பாதி அரங்கம் நின்றுகொண்டிருந்தது. முன்வரிசையில் கேரலும்தான்.

"இன்றைக்கும் ஆறு மணிதான், மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் நாலு பேர் கார்டை நீட்டிக்கொண்டு வழிமறித்தார்கள். கஸ்தூரிரங்கன்தான் குறுக்கே வந்து, "பேசறவா எல்லாரும் பார்க்கிங் வரைக்கும் கூட நடங்கோ!" என்று அதையே ஆங்கிலத்திலும் சொல்லி, அவளுடைய ஸ்லைடு பெட்டியைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். காரில் ஏறியதும் பெட்டியைக் கொடுத்து, "ஓடு, ஓடு. பொண்ணு காத்துண்டிருக்கும்" என்று கார் கூரையில் தட்டினார்.

280-இல் அன்றைக்குப் பார்த்து நெரிசல். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் பாடினாள். டேகேர் கதவைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தாறு.

"மம்மி! யூ ஆர் நாட் லேட்!" என்று யாமினி ஓடிவந்தாள்.

"ஆமா சாமி. முழுசா நாலு நிமிஷம் மிச்சம்."

தாளில் மணியை எழுதினாள். 5.56. எப்போதும் அவசரத்தில் கிறுக்குகிற பேரை, இன்றைக்கு எழுத்தெழுத்தாக, கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டாள். மிஸ் லிண்டா எட்டிப் பார்த்தாள்.

"இதற்கும் நகல் வேண்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டும்" என்றாள் தாமரைச்செல்வி. "இது சாட்சிக்கு இல்லை. வீட்டுச் சுவருக்கு."